ஏழு பேர், எட்டு வட்டம்

இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

முத்தம்மா தரவேண்டிய கடன் அது என்று ஊரூர் குப்பத்துப் பஞ்சாயத்து நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டாகிவிட்டது. இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் வைக்காவிட்டால், அவள் மகன் அஜித்குமாரின் படகிலிருந்து மோட்டாரைக் கழற்றி விற்பார்கள். மோட்டார் இல்லாத படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் உட்காரலாம். பசிக்கு நிழலைத் தின்ன முடியாது.

"மீன் விக்கறவ. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கோ!" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. துப்பறியும் ஜானகிக்கு நாற்காலியும் வெள்ளி டம்ளரில் காபியும் கிடைத்தன. அவளுடைய உதவியாளன் பாண்டுரங்கனுக்கு வாசற்படிக்கு உள்ளே ஒரு மூலை கிடைத்தது. காபி இல்லை.

பாண்டு இதற்கெல்லாம் வருத்தப்படுகிறவன் இல்லை. கொத்தவால் சாவடியில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவன். சந்தை கோயம்பேட்டுக்குப் போன வருஷம் அவன் ஜானகியிடம் வந்து சேர்ந்தான். அவளுக்கு மேற்கு மாம்பலத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே ஆபீஸ். தந்தி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு ஏற்கெனவே காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்கிற தொழில் செய்கிறாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்," என்றாள் ஜானகி.

"தி.நகர்ல எனக்கு ஒரு கட்டடம் இருக்கு. மாடியை ஒரு ஆபீஸுக்கு வாடகைக்கு விட்டேன். பொற்கிளைத் திட்டம்னு பேரு. வாரம் இருநூத்தம்பது, பதினேழு வாரம். ஆக ஒருத்தருக்கு நாலாயிரத்து இருநூத்தம்பது. ஒவ்வொருத்தருக்கும் கீழ இடது கைக்கு ஒரு ஆள், வலது கைக்கு ஒரு ஆள். அவாளுக்குக் கீழயும் அதே மாதிரி ரெண்டு ரெண்டு பேர். கீழ ரொம்பினா மேல இருக்கறவாளுக்குத் தங்கக் காசு."

"யாருக்குக் கீழே யாருன்னு யார் முடிவு பண்றது?"

"ஆபீஸ்தான். யாருக்கும் சொல்ல மாட்டா. ஆறு மீன்காரிகள் சேர்ந்தா. கடைசியா, நம்ம மாடிதானேன்னு நம்பி நானும் சேர்ந்தேன். போன மாசம் ஆபீஸைப் பூட்டிட்டா. காசு காத்துல போயிடுத்து."

"உங்களுக்குமா போச்சு?" என்றான் பாண்டு.

"பின்னே? குப்பத்துக்காராளோட நானும் போய்ப் பூட்டை உடைச்சேன். மேஜையில இந்த ஒரு காகிதம்தான் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஜாஸ்மின்னு ஒரு பொண்ணோட கையெழுத்து. அவளோ மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா."

அவர் நீட்டிய ஜெராக்ஸ் பிரதியில் ஒரே ஒரு வரி இருந்தது.

○ ○ மு ○ ○ நா மா ○ ○ ச ○ ○ தே ஆ ரா

"முதல் பேர் மு. முத்தம்மா. முதல்ல இருக்கறவதானே தலை? மத்த ஆறு பேர் பணமும் அவகிட்டதான். கடைசியில இருக்கே ரா, அது அடியேன். ராகவன். கடைசி ஏமாளி." அவர் பெருமூச்சு விட்டார். "பஞ்சாயத்துல வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு எழுதிக் குடுத்தா போறும்கறா. நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்கோ. வேலை முடிஞ்சதும் ஆயிரத்தைந்நூறு. என் பங்கு நாலாயிரத்து இருநூத்தம்பதும் எனக்கு வந்துடும்."

பாண்டு எட்டிப் பார்த்தான். எழுத்து அவனுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் வந்தது. படித்தவர்கள் கண்ணால் தாவுகிற இடத்தில் அவன் விரலை வைத்து ஊர்ந்து போவான். ஒன்றையும் விட்டுவிடப் பயம்.

"இன்னா சார் இது, தொடக்கத்துல ரெண்டு வட்டம்?"

"பிள்ளையார் சுழி. அவசரத்துல அப்படிப் போட்டிருக்கா."

"நடுநடுல கீற வட்டம்?"

"மூச்சு விடற இடம்னு வெச்சுக்கோயேன்! உனக்கென்ன அதைப் பத்தி?"

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் பழைய மீன் கவிச்சி. உள்ளேயிருந்து வந்த ஸ்ரீனிவாசராகவனின் மனைவி விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கும் அடிக்கறது பாருங்கோ. சாம்பிராணி போட்டாச்சு, பீரோ மேல பூச்சி உருண்டை வெச்சாச்சு. பூஜை பண்ற பெருமாள் உள்ளுக்குப் பக்கத்து ரூம்ல மீன் நாத்தம்! சொன்னா சிரிப்பா."

"குப்பத்துக்குப் போயிட்டு வரேனோல்லியோ, அதான் ஒட்டிண்டு வரது," என்றார் அவர். சொல்லிவிட்டு பாண்டுவின் சட்டையை ஒரு பார்வை பார்த்தார்.

பாண்டுவுக்குக் காது சூடாகிவிட்டது. காலையில் லைஃப்பாய் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் குளித்தவன். ஆனாலும் கை தானாகக் காலரை இழுத்து மூக்குக்குக் கொண்டுபோனது.

தெருவுக்கு வந்து டிவிஎஸ் 50-ஐ உதைத்தபடி சொன்னான்: "முத்தம்மா தலைன்னா குடிசைக்கு ஓடாவது மாத்தியிருக்காது? நேத்து நீங்க அனுப்பினப்போ பாத்தேனே மேடம், கூரையில கோணிதான் கீது."

"கோணி கோர்ட்டில் நிற்காது பாண்டு. தி.நகருக்கு விடு."

*

அந்தக் கட்டடத்தின் கீழே நூர் முஹம்மது பாயின் ஜெராக்ஸ் கடை. மேலே மாடியில் உடைந்த பூட்டு தொங்கியது. கடைக்குள் மெஷின் சூட்டில் பாய் வெந்துகொண்டிருந்தார்.

"ஜாஸ்மினா? தங்கமான பொண்ணு. வெள்ளிக்கிழமை ஆனா இங்கதான் நிக்கும் நைனா. மீன்காரம்மாங்க வந்து ஒவ்வொரு கவரா குடுப்பாங்க. ஒரே நாத்தம்! கஸ்டமருங்க ஓடுவாங்க."

"கவரை யார் யாரிடம் எந்த வரிசையில் வாங்குவாள்?" என்று கேட்டாள் ஜானகி.

"அதான் வேடிக்கை. ஒரு சீட்டு வெச்சுக்கினு இருக்கும். அதுல கீற வரிசைப்படிதான் வாங்கும். ஒரு தபா மாரிக்கொழுந்துன்னு ஒரு மீன்காரம்மா சீக்கிரமே வந்துடுச்சு. பொண்ணு வாங்கலியே! 'உனக்குக் கீழ கீற ரெண்டு பேரும் குடுக்கட்டும் அக்கா, அப்புறம் நீ'ன்னு நிக்க வெச்சுது. 'கீழ ரெண்டு கை, அப்பால தலை. மாத்தி வாங்கினா சார் கத்துவாரு'ன்னு என்கிட்ட சொல்லிச்சு."

"எந்த சார்?"

"மாடிக்கு நான் போனதே இல்லம்மா. மை மாவு கொட்டி மெஷின் ஓட்டவே எனக்கு நேரம் இல்ல."

ஜானகி அந்த ஜெராக்ஸ் பிரதியைக் காட்டினாள். "இது உங்கள் மெஷினா?"

பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நம்மளுதுதான். ஓரத்துல கோடு வுழுது பாரு, டிரம்முல கீறல். ராகவன் சார் எடுத்தாரு. மொத காப்பி எடுத்துட்டு, 'இது வேணாம், தலையை மடிச்சு எடு'ன்னாரு. மேல ஒரு விரக்கடை மடிச்சு எடுத்துக் குடுத்தேன்."

"மொத காப்பி?" என்றான் பாண்டு.

"வீணாப்போன தாளெல்லாம் அந்தப் பெட்டியில கீது. பின்பக்கம் கணக்கு போட வெச்சுக்கறேன்."

பெட்டியில் தாள்கள் இடுப்பளவு கிடந்தன. பாண்டு குந்தி உட்கார்ந்தான். ரேஷன் கார்டு, ஜாதகம், மார்க் ஷீட், யாரோ ஒருவரின் எக்ஸ்ரே சீட்டு. இந்த ஊர் முழுக்க ஓரத்தில் கோடு விழுந்து கிடந்தது. அரைமணி நேரம் கழித்து அதே வரி அகப்பட்டது. இதில் தலை மடிக்கப்படவில்லை. வட்டங்களுக்கு மேலே, தாளின் நெற்றியில், சின்னதாக ஒரு சிலுவை.

"ஜாஸ்மின் எதை எழுதினாலும் மேல சிலுவை போட்டுதான் ஆரம்பிக்கும்," என்றார் பாய். "டீக்கடை கணக்குக்குக்கூட."

பாண்டு தலையைச் சொறிந்தான். "சிலுவை போட்டவ எதுக்கு மேடம் பிள்ளையார் சுழியும் போடறா? ரெண்டு பக்கமும் சிபாரிசா?"

ஜானகி சிரிக்கவில்லை. அவள் முகம், மோரில் ஈ விழுந்ததைப் பார்த்தவள் முகம் மாதிரி இருந்தது.

"அந்த வட்டம் எத்தனை, எண்ணு."

விரல் வைத்து எண்ணினான். "எட்டு."

"பேர்?"

"ஏழு."

"ஏழு பேருக்கு எத்தனை கை?"

"பதினாலு. ஏதாவது லாரியில மாட்டாம இருந்தா."

"தலையில் இருக்கிற ஒரு ஆளைத் தவிர, மிச்ச ஆறு பேரையும் மேலே இருக்கிற யாரோ ஒரு கை பிடித்திருக்க வேண்டும். பதினாலில் ஆறு போனால் காலிக் கை எத்தனை?"

பாண்டு விரல்களை மடக்கினான். "எட்டு."

"வட்டமும் எட்டு. எட்டும் காலிக் கை. பிள்ளையாருக்குக் கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை."

பக்கத்து எஸ்டிடி பூத்துக்குள் போய் அவள் யாருக்கோ போன் செய்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற பாண்டுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மணி இரண்டே முக்கால்.

வெளியே வந்தவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "காலையில் அந்த வீட்டில் அடித்த நாற்றம் உன் சட்டையிலிருந்தா வந்தது?"

"இல்ல மேடம்," என்றான் பாண்டு. சொன்ன பிறகுதான் அது அவனுக்கே நிச்சயமாயிற்று.

*

குப்பத்தில் மீன் ஏலம் போடுகிற தகரக் கொட்டகையில் கூட்டம். அஜித்குமார் படகின் மேல் உட்கார்ந்து மோட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். அவன் தாய் முத்தம்மா மணலில் நின்றாள். அழவில்லை. மூன்று வாரமாக அழுது தீர்த்தவள்.

"இன்னும் இன்னா யோசனை? கழட்டு!" என்று கத்தினாள் மாரிக்கொழுந்து. "எங்க வயித்துல அடிச்சவ!"

ஸ்ரீனிவாசராகவன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், காலைத் தூக்கி மணல் படாமல் உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் கபாலி நோட்டைத் திறந்தார்.

"இன்னாம்மா, விசாரிச்சியா? முத்தம்மாதான் தலையா?"

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க," என்றாள் ஜானகி. "எட்டுக் கிளிஞ்சல் வேண்டும். பேர் எழுதின ஏழு பேரும் முன்னால் வரணும். பாண்டு, ஆளைத் தூக்கி வைக்கிற வேலை உன்னுது."

"மூட்டை தூக்கியிருக்கேன். பொம்பளைங்களைத் தூக்கினா வூட்டுல சோறு கிடைக்காது."

குழந்தைகள் ஓடிக் கிளிஞ்சல் பொறுக்கி வந்தன. ஜானகி சிலுவை போட்ட தாளை விரித்துக்கொண்டாள்.

"முதல்ல ராகவன் சார் சொல்ற மாதிரியே படிக்கலாம். முதல் ரெண்டு வட்டத்தை விட்டுடுவோம். மு. முத்தம்மாதான் தலை. அவங்க ரெண்டு கையில யாரு? அடுத்து வர்றது ரெண்டு வட்டம். பாண்டு, குடு."

பாண்டு முத்தம்மாவின் இரண்டு கையிலும் ஒவ்வொரு கிளிஞ்சல் வைத்தான்.

"ரெண்டு கையும் காலி. அவ்வளவுதான், முடிஞ்சது. இவங்களுக்குக் கீழ யாருமே இல்ல. மிச்சம் அஞ்சு பொம்பளைங்களும் ராகவன் சாரும் யார் கையையும் பிடிக்காம அந்தரத்துல தொங்கறாங்க."

கூட்டம் முணுமுணுத்தது. "அதெப்படி தொங்கும்?" என்றது ஒரு குரல்.

"தொங்காது. அதனால ஜாஸ்மின் கவர் வாங்கின மாதிரி படிப்போம். கீழ ரெண்டு கை, அப்புறம் தலை. ரெண்டு வட்டம், மு. முத்தம்மா அதே ரெண்டு கிளிஞ்சலோட அப்படியே நிக்கட்டும். ரெண்டு வட்டம், நா."

நாகாத்தம்மா இரண்டு கிளிஞ்சலோடு வந்து நின்றாள்.

"அடுத்து வட்டம் இல்லை. நேரா மா. அப்படின்னா கை காலி இல்ல. பாண்டு, யார் கையிலும் சிக்காம கடைசியா நிக்கிற ரெண்டு பேர் யாரு?"

"முத்தம்மா, நாகாத்தம்மா."

"மாரிக்கொழுந்து, அவங்க ரெண்டு பேரையும் பிடிச்சுக்கோ."

மாரிக்கொழுந்து நகரவில்லை. இத்தனை நாளும் மண்ணை வாரித் தூற்றிய கை அது. பாண்டு அந்தக் கையை எடுத்து முத்தம்மாவின் தோளில் வைத்தான். "உனக்குக் கீழ கீறவங்கம்மா இவங்க. இவங்க குடுத்தப்புறம்தான் நீ குடுத்தே. ஜெராக்ஸ் கடையில நிக்க வெச்சாளே, ஞாபகம் கீதா?"

அவள் மறுகையால் நாகாத்தம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

சகாயமேரி இரண்டு கிளிஞ்சலோடு நின்றாள். தேசராணி இரண்டு கிளிஞ்சலோடு நின்றாள். அடுத்து வந்த ஆரோக்கியம் அந்த இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள். எட்டுக் கிளிஞ்சலும் தீர்ந்தன. இப்போது யாரும் பிடிக்காமல் நின்றவர்கள் இரண்டே பேர்: மாரிக்கொழுந்து, ஆரோக்கியம். தாளில் மிச்சம் ஒரே ஒரு எழுத்து.

"ரா," என்றாள் ஜானகி. "கடைசியா வர்றவர்தான் தலை. வாங்க சார். ரெண்டு பேரையும் பிடிச்சுக்கோங்க."

ஸ்ரீனிவாசராகவன் நாற்காலியோடு பின்னால் போனார். "என்னைத் தொடாதேங்கோ! மீன் கை!"

"காசு வாங்கறப்போ தொட்டீங்களே சார்," என்றான் பாண்டு.

"கவரைத்தான் தொட்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார். "இதெல்லாம் பசங்க விளையாட்டு! கபாலி, ஒரு சீட்டை வெச்சுண்டு என்ன வேணா கதை கட்டலாம்!"

"கட்டலாம்தான்," என்றாள் ஜானகி. "ஆனா இந்தச் சீட்டோட தலையில சிலுவை இருக்கு. நீங்க காட்டின சீட்டில் இல்ல. சிலுவையைப் பாத்தா, கீழே இருக்கிறது பிள்ளையார் சுழின்னு யாரும் நம்ப மாட்டாங்க. அதனால மடிச்சு மறைச்சீங்க. ஒண்ணும் தெரியாத கடைசி ஏமாளி எதுக்கு சார் தாளை மடிக்கணும்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தபோது, குப்பத்துச் சந்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. விஜயலக்ஷ்மி இறங்கினாள். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, இன்னொரு கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்திருந்தாள். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவது போல.

"இங்கே ஜானகிங்கறது யாரு... நீங்கதானே போன்ல பேசினேள்? நீங்க சொன்ன மாதிரியே பீரோவோட அடித்தட்டுல இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கத்தை கத்தையா. நாலு மாசமா நான் எலி செத்துக் கிடக்குன்னு தேடிண்டிருக்கேன்! முதல்ல இதை வாங்கிக்கோங்கோ. எங்காத்துல இந்த நாத்தம் வேண்டாம்."

"விஜயா!" என்று அலறினார் ஸ்ரீனிவாசராகவன். "நாத்தம் போனதும் பாங்க்ல போடலாம்னு..."

அவர் பையைப் பிடுங்கப் பாய்ந்தார். கபாலி முந்திக்கொண்டார்.

கபாலி பையை மணலில் கவிழ்த்தார். கவர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னச் சிலுவை, கீழே ஒரு எழுத்து. ஏலக் கணக்கில் பழகிய கை, பிரித்து அடுக்கியது. மு பதினேழு. நா பதினேழு. மா, ச, தே, ஆ எல்லாம் பதினேழு பதினேழு. மொத்தம் நூற்றிரண்டு கவர். ஒவ்வொன்றிலும் இருநூற்றைம்பது. ரா என்று எழுதிய கவர் ஒன்றுகூட இல்லை.

பாண்டு காறித் துப்பினான். இந்தக் கடலோர ஊரின் நாற்றங்களெல்லாம் அவனுக்குத் தெரியும். அழுகிய கானாங்கெளுத்தி, கூவம், பக்கிங்காம் கால்வாய். அதெல்லாம் குளித்தால் போகும். ஆறு பெண்களின் காசைப் பீரோவில் பூட்டிவிட்டு, தான் கட்டாத நாலாயிரத்து இருநூற்றைம்பதையும் அதே பெண்களில் ஒருத்தியின் மோட்டாரைக் கழற்றி வாங்க வந்து உட்கார்ந்திருக்கிறான் ஒரு மனுஷன். அதுவும் கால் தூக்கி, மணல் படாமல். இதற்கு எந்த ஊரில் சோப்பு விற்கிறது?

"போலீசுக்குச் சொல்லி அனுப்பியாச்சு," என்றார் கபாலி. "அதுவரைக்கும் இங்கியே குந்து. நாற்காலி வேணாம். மணல்ல."

ஸ்ரீனிவாசராகவன் மணலில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து ஜானகியிடம் நீட்டினார். "உங்க ஃபீஸ்... ஸ்டேஷன்ல கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ..."

ஜானகி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம். பாண்டு, அந்த ஆயிரத்தைந்நூறை வராக்கடன்னு எழுதிடு."

"மேடம், வண்டியில பெட்ரோலே இல்ல."

"தள்ளிட்டு வா."

"மாம்பலம் வரைக்குமா?" என்றான். ஆனால் அந்தத் தாள்களைப் பார்த்தபோது அவனுக்கும் கை நீளவில்லை. அவற்றில் மீன் நாற்றம் இல்லை. அதுதான் சகிக்கவில்லை.

விஜயலக்ஷ்மி கணவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். பெண்கள் ஆளுக்குப் பதினேழு கவரை மடியில் கட்டினார்கள். மாரிக்கொழுந்து மட்டும் முத்தம்மாவின் அருகே வந்து நின்றாள்.

"யக்கா... சீட்டுல மொத பேரு உன்னுதுன்னு அந்தாளு சொன்னான், நாங்க நம்பிட்டோம். மனசுல வெச்சுக்காத."

முத்தம்மா மணலில் உட்கார்ந்தாள். தன் கவர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நோட்டுகளை எண்ணி, மறுபடி எண்ணி இடுப்பில் செருகினாள். அப்புறம் கபாலிக்கு எதிரே போய் நின்றாள்.

"நாலாயிரத்து இருநூத்தம்பது. சரியா கீது. இப்ப நோட்டைத் தொற."

"அதான் முடிஞ்சிபோச்சே முத்தம்மா, அப்பால அடிச்சிக்கறேன்."

"மூணு வாரமா தெருவுல போறவன் வர்றவனெல்லாம் திருடின்னான். எழுதறப்போ என்னை நிக்க வெச்சுத்தானே எழுதினே? அடிக்கறப்பவும் நான் நின்னு பாக்கணும். இருபத்தஞ்சாயிரத்து ஐந்நூறு, முத்தம்மா. அடி."

கபாலி நோட்டைத் திறந்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"அழுத்தி அடி நைனா. கீழ பேரு தெரியுது."

கபாலி குனிந்து மறுபடி அடித்தார். இன்னொரு தடவை அடித்தார். முத்தம்மா கண்ணை எடுக்கவில்லை. நாலாவது கோட்டில் தாள் கிழிந்து, பேனா முனை அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.

"போதும்," என்றாள் முத்தம்மா.